மரண மெத்தையின் சத்தம்

ஓசை மாஸ்டர் பத்தொன்பதாவது முறையாக அந்த வெந்நீர்ப் பையின் மேல் உட்கார்ந்தார். 'புஸ்' என்று கொஞ்சம் காற்று கிளம்பி, பாதியிலேயே மனசு மாறி நின்றுவிட்டது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், இதக் கேட்டா எவனும் சிரிக்க மாட்டான். வண்டி பஞ்சராயிடுச்சுன்னு இறங்கிப் பாப்பான்."

"கொஞ்சம் டைம் குடுங்க சார். பை புதுசு. பழகணும்."

"பழகுறதுக்கு அது என்ன புது மாப்பிள்ளையா?"

விஷயம் இதுதான். படக்கதை உலகத்தின் பிரபல வில்லன் கிச்சுகிச்சு மகாராஜன் அந்த வெள்ளிக்கிழமை முதல் வானொலி நாடகத்துக்கு வருகிறான். அவனுடைய ஆயுதம் மரண மெத்தை. எதிரி அறியாமல் அதன்மேல் உட்காருவான். ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டவன் சிரிக்க ஆரம்பித்தால், பத்து எண்ணுவதற்குள் ஆள் காலி. மகாராஜன் மட்டும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான்.

படக்கதை வரைந்தவர் சுலபமாகத் தப்பித்துவிட்டார். மெத்தைக்கு மேலே ஒரு புகைவட்டம் போட்டு, உள்ளே நாலு நட்சத்திரம் வரைந்தார். என்ன சத்தம் என்று படிக்கிறவர்களே நினைத்துக்கொள்ள வேண்டியது. சினிமாக்காரர்கள் அந்த இடத்தில் முப்பது வயலின்களை ஒன்றாக இழுக்கவிட்டுச் சமாளித்தார்கள். மேடை நாடகத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். பொம்மைக் கம்பெனியோ மெத்தைக்குள் ஒரு பேட்டரியை வைத்தது. அது வாத்து மாதிரி கத்தியது, பிள்ளைகளும் வாத்து பொம்மை என்றே வாங்கினார்கள். வானொலிக்குத்தான் ஒளிய இடமில்லை. அங்கே இருப்பதே சத்தம் மட்டும்தான்.

"வெள்ளிக்கிழமை நேரடி ஒலிபரப்பு," என்றார் தயாரிப்பாளர். "மேலிடத்துல ஒரு மிஷின் வாங்கி வெச்சிருக்காங்க. உள்ள நாலாயிரம் சத்தம் இருக்காம். உங்களால முடியலன்னா அது உங்க இடத்துல உக்காரும். நீங்க கீழ் அறைக்குப் போய் பழைய ஒலிநாடாவத் தூசி தட்டணும். எனக்கும் வருத்தம்தான் மாஸ்டர்."

மாஸ்டர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாகத் தகரத்தை ஆட்டி இடியும், பொரியை மிதித்து நடையும் உண்டாக்கியவர். அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. அதை ஒரு பெட்டியிடம் கொடுத்துவிட்டுத் தூசி தட்டுவதை நினைத்தால் அழுகையே வந்தது.

வீட்டுக்குப் போயும் விடவில்லை. பலூன், சைக்கிள் டியூப், ஈரத்துணி என்று சாப்பாட்டு மேசையில் கடை பரப்பினார்.

"என்னங்க, இது சாப்பிடுற இடம்," என்றாள் மனைவி.

"தொழில்மா."

"தொழில்னு பக்கத்து வீட்டுக்குத் தெரியுமா? இப்பதான் சுவத்தத் தட்டுறாங்க."

மாமியார் ஒரு டம்ளரில் வயிற்று மருந்தைக் கரைத்து மாப்பிள்ளை முன்னால் வைத்தார். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாஸ்டரிடம் மிஞ்சியது அதே வெந்நீர்ப் பைதான்.

ஒலிக்கூடத்தில் மைக்கைச் சுற்றி எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். மேயராக நடித்தவர் நல்ல கனமான ஆள். உட்காரும் காட்சியில் உண்மையாகவே உட்கார்ந்தால்தான் தனக்குக் குரல் வரும் என்று சொல்லி, பழைய தோல் நாற்காலி ஒன்றை மைக்குக்குப் பக்கத்தில் போடச் சொல்லியிருந்தார். கதை சொல்ல வந்தவர் செய்தியம்மா. முப்பது வருஷமாகச் செய்தி வாசிப்பவர். அவர் சிரித்து நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. பெரிய மனிதர் யாராவது இறந்தால் அவர் வாசித்தால்தான் ஊர் நம்பும்.

"மேயர் அமர்ந்தார்," என்று வாசித்தார் செய்தியம்மா.

மேயர் நாற்காலியில் அமர்ந்தார். மாஸ்டர் இரண்டு கையாலும் பையை அழுத்தினார். பை வாயே திறக்கவில்லை.

ஒரு விநாடி போனது. மாஸ்டரின் வேலையும் கூடவே போய்க்கொண்டிருந்தது.

அப்போது வந்தது அந்தச் சத்தம். மெதுவாக, மரியாதையாக ஆரம்பித்தது. நடுவில் ஒரு சந்தேகம் கேட்டது. தானே பதிலும் சொல்லிக்கொண்டு, கடைசியில் சின்னதாக ஒரு முற்றுப்புள்ளி வைத்து முடித்தது.

முதலில் மேயர் சிரித்தார். அவர் சிரிக்க வேண்டிய இடம்தான், ஆனால் அவர் நடிக்கவில்லை. மகாராஜனாக நடித்தவர் காதில் பஞ்சு இருக்க வேண்டும் என்பதையே மறந்து சுவரில் சாய்ந்து குலுங்கினார். தயாரிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னால் காணாமல் போனார். மேசைக்கு அடியில் இருந்தார்.

செய்தியம்மா மட்டும் தாளைத் திருப்பினார். "மேயர் காலமானார். அவருக்கு வயது ஐம்பத்தாறு," என்று இரங்கல் குரலில் வாசித்தார். அதைக் கேட்டு மிச்சமிருந்தவர்களும் விழுந்தார்கள்.

அன்று நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. ஊரே சிரித்திருந்தது. தயாரிப்பாளர் மாஸ்டரைக் கட்டிப்பிடித்து, "எப்படிய்யா பண்ணீங்க?" என்றார்.

மாஸ்டர் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் அனுபவம் சார்," என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே வினை வந்தது. சினிமாக்காரர்கள் வயலினை எடுத்துவிட்டு இந்தச் சத்தத்தைச் சேர்க்கப் போகிறார்களாம். பொம்மைக் கம்பெனிக்கு வாத்து வேண்டாமாம். மேடைக்காரர்கள் விளக்கை அணைக்காமலே போடத் தயாராம். படக்கதை வரைந்தவர்கூட நட்சத்திரத்தை அழித்துவிட்டு இதை எழுத்தில் எழுத முடியுமா என்று பார்க்கப் போகிறாராம்.

"பதிவு எங்க மாஸ்டர்?"

பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டியவர் மாஸ்டர்தான். அன்று அவருடைய இரண்டு கையும் பையில் இருந்தன.

"பரவால்ல," என்றார் தயாரிப்பாளர். "வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டாவது பாகம். செத்த மேயரோட தம்பி உக்காருறாரு, அதே நடிகர்தான். எல்லாரையும் நேர்ல வரச் சொல்லிட்டேன். அவங்க முன்னாடியே போட்டுக் காட்டிடுங்க. மிஷினத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன், சந்தோஷமா?"

மாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. சத்தம் மேயர் பக்கமிருந்துதான் வந்தது. சுற்றி வளைத்து அவரையே கேட்டார்.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. அன்னிக்கு அந்த நேரத்துல... உங்களுக்கு உடம்பு ஏதாவது?"

மேயர் நாற்காலியை விட்டு எழுந்தார். "இருபது வருஷமா மேடையில நிக்கிறேன். என்னப் பாத்தா இப்படிக் கேட்டீங்க? நான் நாடகத்துக்கே வரல போங்க!"

சொன்னபடியே போய்விட்டார். ஆக, மேயரும் இல்லை. பாக்கி இருப்பது நாற்காலி ஒன்றுதான்.

மாஸ்டர் அதில் மெதுவாக உட்கார்ந்து பார்த்தார். வேகமாக உட்கார்ந்து பார்த்தார். மேயரின் எடைக்காகக் கேன்டீன் சமையல்காரரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். "கிறீச்" என்றது, அவ்வளவுதான்.

தச்சரைக் கூப்பிட்டார். "போன வெள்ளிக்கிழமை இந்த நாற்காலி ஒரு சத்தம் போட்டுச்சு..."

"கவலைய விடுங்க," என்று தச்சர் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் புது ஸ்பிரிங், புது திருகு, பளபளவென்று பாலிஷ். "இனிமே நீங்க மேல ஏறிக் குதிச்சாலும் ஒரு சத்தம் வராது. என் கியாரண்டி!"

மாஸ்டர் நிஜமாகவே ஏறிக் குதித்தார். கியாரண்டி பொய்க்கவில்லை. திருகுகளைக் கழற்றினார், தோலைக் கிழித்தார், ஸ்பிரிங்கை வளைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி முயற்சியாக உட்கார்ந்தபோது நாற்காலியின் நாலு காலும் நாலு திசைக்குப் போயின.

வரவேற்பறையில் சினிமாக்காரர்களும் பொம்மைக் கம்பெனி மேலாளரும் மேடைக்காரர்களும் காத்திருந்தார்கள். ஏழு மணிக்கு ஒலிபரப்பு. மணி ஐந்தே முக்கால்.

மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். போதும் என்று தோன்றியது. போய் உண்மையைச் சொல்லிவிட்டுக் கீழ் அறைச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நடைபாதையில் செய்தியம்மா ஏழு மணிக்கான தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க மாஸ்டர்? கண்ணெல்லாம் கலங்கியிருக்கு."

"வேலைய விட்டுக் குடுக்கப் போறேம்மா. யாருகிட்டயாவது சொல்லியே ஆகணும். அன்னிக்கு வந்த சத்தம் என்னுது இல்ல. நாற்காலியோடது. அந்த நாற்காலியும் போச்சு. இனிமே அந்தச் சத்தம் பொறந்து வந்தாத்தான் உண்டு."

செய்தியம்மா நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, முப்பது வருஷமாக ஊர் நம்பிய அதே குரலில் சொன்னார்:

"நாற்காலி மேல பழி போடாதீங்க, மாஸ்டர். கேன்டீன்ல ரெண்டு தட்டு உருளைக்கிழங்கு மட்டும் வாங்கிட்டு வாங்க; ஏழு மணிக்குச் சத்தம் வரும், அதுக்கு நான் பொறுப்பு."