மாடி ரூமும் மகா கலைஞரும்

இனிமேல் உலகத்தை லென்ஸ் வழியாகத்தான் பார்ப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார் அவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் முகத்தை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கேமரா இருந்தது.

உத்தியோகம் குடிநீர் அலுவலகத்தில். மீட்டர் ஓடவில்லை என்று வருகிற புகார்களை வாங்கி, அந்தப் புகார்களும் ஓடாமல் பார்த்துக்கொள்கிற குமாஸ்தா. ஆபீசில் அவருக்கு ‘கிளிக்’ என்று பெயர். மனைவி தெருக்கோடி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவள். புருஷனைப் படிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

படமெடுக்கும் நுணுக்கங்களையெல்லாம் கிளிக் செல்போன் வீடியோக்களில் பார்த்துக் கரைத்துக் குடித்திருந்தார். முதல் பாடம், வெளிச்சம். காலை வெயில் ஜன்னலில் சாய்ந்து விழும் நேரமாகப் பார்த்து மனைவியைப் பிடித்து நிறுத்தினார்.

“அசையாதே. ஒளி வேணும், ஒளி!”

“நானும் அதான் பார்க்கறேன். எங்க ஒளியறதுன்னு தெரியல.”

“காபியைக் குடிக்காதே. ஆவி வரணும்.”

“எனக்கு ஆவி போயிடும் போலிருக்கு. கடை திறக்கணுங்க.”

அடுத்த பாடம், ஆளை நடுவில் நிறுத்தக் கூடாது. படத்தை மனசுக்குள் மூன்றாகப் பிரித்து, ஆளை ஒரு பக்கமாக நிறுத்த வேண்டும். நிறுத்தினார். எடுத்ததைக் காட்டினார்.

“என்னங்க இது, படம் பூரா சுவரா இருக்கு? நான் எங்கே?”

“இதோ, இந்த ஓரத்துல. அதுதான் கலை.”

“கட்டினவளை ஓரங்கட்டறதுக்குப் பேரு கலையா?”

பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்கு மனுப் போட ஒரு படம் கேட்டு வந்தார். பின்னணியை மங்கலாக்கி ஆளைத் துல்லியமாகக் காட்டும் நுணுக்கத்தை அவர்மேல் பிரயோகித்தார் கிளிக். மங்கிப்போனது பக்கத்து வீட்டுக்காரர். பின்னால் கொடியில் காய்ந்த துண்டு மட்டும் இழை இழையாகத் தெரிந்தது.

“சார், வேலை எனக்கா, துண்டுக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனவர் அப்புறம் அந்த வாசல் பக்கமே வரவில்லை.

ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் படம் போட்டுப் பார்த்தார். ஒரு கட்டைவிரல்கூட எழும்பவில்லை. யாரோ ஒருவர் மட்டும் ‘தெரியாமல் அழுத்திவிட்டீர்களா?’ என்று அக்கறையாகக் கேட்டிருந்தார். ‘நல்லா இருக்கு’ என்று ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் மனுஷன் எதிர்பார்த்தார். அது வரவே இல்லை. ஒரு நாள் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. லென்ஸில் ஈரம் படக் கூடாது என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

மாடியில் ஒரு ரூம் சும்மா கிடந்தது. சும்மா என்றால், உடைந்த நாற்காலி, ஓடாத ஃபேன், காலொடிந்த கட்டில் எல்லாம் அதில் சும்மா கிடந்தன. அதை வாடகைக்கு விட வேண்டும் என்பது அவள் கட்சி. அங்கே ஸ்டூடியோ வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மற்ற விஷயங்களில் எல்லாம் அவள் நில் என்றால் நிற்பவர், இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “என் பிணத்தைத் தாண்டித்தான் அங்க குடித்தனம் வரும்!” என்று, அவள் கடைக்குப் போன பிறகு, உரக்கவே சொன்னார்.

ஒரு சாயங்காலம் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“யோசிச்சுப் பார்த்தேன். ஆளுங்களை எடுத்தாத்தான் அசையறாங்க, கண்ணை மூடறாங்க. அசையாத ஒண்ணை எடுத்தா என்ன? நம்ம மாடி ரூமையே எடுங்களேன்.”

“அந்தக் குப்பையையா?”

“பின்னணியில குப்பை இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? எடுத்துப் போட்டுடலாம். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்னு சொன்னீங்களே?”

“ஆமாம்!”

“ஜன்னல் கண்ணாடி அழுக்கா இருந்தா லென்ஸே அழுக்கா இருக்கற மாதிரின்னு?”

“அடடா, இவ்வளவையும் காதுல வாங்கிட்டா இருந்தே!”

அவர் உருகிவிட்டார். கட்டிலை முதுகில் சுமந்து இறக்கினார். சுவருக்கு இரண்டு பூச்சு வெள்ளையடித்தார். கண்ணாடியைக் கண்ணாடி இருப்பதே தெரியாமல் துடைத்தார். ஊர்க் குழாய்ப் புகாரையெல்லாம் வாங்குகிறவர் வீட்டில், மாடிக் குழாய் வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது.

“சொட்டுற சத்தம் படத்துல தெரியாதேம்மா.”

“தெரியாதுங்க. ஆனா எடுக்கறவர் கவனம் சிதறுமே.”

குழாயும் சரியானது. இடுப்புதான் போய்விட்டது. மருந்துக்கடையிலிருந்து அவளே தைலம் வாங்கி வந்து தேய்த்துவிட்டாள்.

மறுநாள் காலை, மூலையில் மண்டியிட்டு, கேமராவைத் தாழ்த்தி, அறை அகலமாகத் தெரிகிற லென்ஸை மாட்டி, மூச்சை அடக்கி, அழுத்தினார். உண்மையைச் சொல்ல வேண்டும். படம் பிரமாதமாக வந்திருந்தது. வெறும் தரையில் வெயில் பாய் விரித்தது போலப் படுத்திருந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். “நல்லா இருக்குங்க,” என்றாள்.

கிளிக் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க ஆபீஸ் குரூப்ல போடுங்க. நாலு பேர் பார்க்கட்டும்.”

போட்டார். போட்ட சூட்டோடு போன் அடித்தது. சமீபத்தில் மாற்றலாகித் தனியாக வந்திருந்த மேனேஜர்.

“கிளிக், பிரமாதம்யா! எந்த இடம் இது?”

“என் வீட்டு மாடிதான் சார்!”

“முழுக்கக் காலியா?”

“காலியா இருக்கறதுலதான் சார் விஷயமே இருக்கு!”

“வெளிச்சம் எப்படி?”

“காலை வெளிச்சத்துக்கு ஈடே கிடையாது சார்.”

“தண்ணி?”

தண்ணீரில் விழும் பிம்பத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார் கிளிக். “அதுல எடுத்தா இன்னும் அற்புதம் சார்!”

“அப்ப நாளைக்கே வந்துடறேன்யா.”

கிளிக்குக்குத் தலைகால் புரியவில்லை. “மேனேஜர் எங்கிட்டக் கத்துக்க வர்றார்!”

“வரட்டும், வரட்டும்,” என்றாள் அவள்.

வந்தார். ஆட்டோவிலிருந்து பெட்டி இறங்கியது. படுக்கை இறங்கியது. பக்கெட் இறங்கியது.

“சார், ஸ்டாண்டு கொண்டு வரலையா?”

“கொடி கட்டக் கயிறு கொண்டு வந்திருக்கேன்யா. போதாது?”

மேனேஜர் மாடி ஏறிப் பார்த்துவிட்டு, “படத்துல மைதானம் மாதிரி இருந்துதே?” என்றார்.

“அது இவரோட திறமை சார்,” என்றாள் அவள்.

கிளிக் அவளைப் படிக்கட்டோரம் இழுத்தார். “என்ன இதெல்லாம்?”

“தலைவலி மாத்திரைக்குத் தினம் கடைக்கு வருவார். ரூம் கிடைக்கலைன்னு புலம்புவார். நான் வாயே திறக்கலையே! காலியா இருக்கு, வெளிச்சமா இருக்குன்னு வரவழைச்சது நீங்க. வேணும்னா இப்பப் போய் இல்லேன்னு சொல்லுங்க.”

சொல்லத்தான் ஏறினார். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். கிளிக் அந்தப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

“போகட்டும்,” என்றார். “காலை வெயில் வர்றப்போ மட்டும் ஒரு மூலையில நின்னு படம் எடுத்துக்கறேன்னு அவர்கிட்டச் சொல்லேன்.”

“நேத்து சாயங்காலம் மாத்திரைக்கு வந்தப்பவே பேசியாச்சுங்க. அவர் ரொம்பத் தங்கமானவர். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்.”

“என்னவாம்?”

“கேமராவோட யாரும் மாடிப் பக்கம் வரக் கூடாதாம்.”