இரண்டு விரல் அகலம்

நேர்கோட்டை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதைக் கடைசியாகக் கண்டுபிடித்தது எங்கள் நகரசபைதான் என்பதில் எவருக்கும் ஐயம் எழ வழியில்லை. வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லை வரை எங்கும் வளையாமல், எதற்கும் ஒதுங்காமல், யாரையும் கேட்காமல் செல்கிறது எங்கள் புதிய சாலை. அதைப் பார்ப்பவர்கள், மனிதகுலம் இத்தனை காலம் வளைந்து வளைந்து நடந்து வீணாக்கிய நேரத்தை எண்ணி வருந்துவார்கள்.

இந்தச் சாதனையில் எனக்கும் சிறு பங்கு உண்டு. முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னை, "பொதுமக்கள் ஆலோசனைக் குழு"வில் உறுப்பினராக்கினார்கள். அதில் பொதுமக்கள் என்று இருந்தவன் நான் ஒருவன். ஆலோசனை என்று இருந்தது தேநீர். கைவைத்த நாற்காலிகள் அந்த அறையில் இரண்டே இரண்டு. ஒன்று நகரசபைத் தலைவருக்கு, மற்றது எனக்கு. பொறியாளருக்கே கையில்லாத நாற்காலிதான் என்பதை அடக்கத்தோடு குறிப்பிடுகிறேன்.

முதல் கூட்டத்தில் பொறியாளர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து நகரத்தின் பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார். மேசையை மூடும் அளவுக்குப் பெரிய தாள். வேறு பிரதி கிடையாது. எப்போதோ கூரை ஒழுகியதில் நனைந்து, மடித்தபடியே உலர்ந்து போயிருந்தது. அதன் நடுவே, மேலிருந்து கீழாக, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியது.

"பாத்தீங்களா ஐயா," என்றார் பொறியாளர். "அந்தக் காலத்துலயே ரோடுக்குக் கோடு போட்டு வெச்சிருக்காங்க. நாமதான் கவனிக்காம இருந்துட்டோம்."

தலைவருக்குக் கண் கலங்கியது. "முன்னோர்கள்," என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

நான் விரலால் அந்தக் கோட்டைத் தடவினேன். நகம் இடறியது. வரைந்த கோடு நகத்தில் இடறாது. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தலைவர், "வாத்தியாரே தடவிப் பாத்து சரின்னுட்டாரு, அப்புறம் என்ன?" என்றார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நாற்காலியின் கைகளும் வசதியாகத்தான் இருந்தன.

அடுத்த பொருள், ஓடை வடிகால் மேம்பாடு. ஊர் நடுவே ஓடும் ஓடையை வரைபடத்தில் தேடினோம். மேலும் கீழும் தேடினோம். இல்லை. சன்னல் வழியே அதன் சலசலப்பு கேட்டது உண்மை. ஆனால் சலசலப்பு நிகழ்ச்சி நிரலில் இல்லை. இல்லாத ஓடைக்கு வடிகால் தேவையில்லை என்பதால், ஓடை "முழுமையாக மேம்படுத்தப்பட்டது" என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். உலகின் எந்த நகரமும் இத்தனை விரைவில், ஒரு மண்வெட்டிகூடத் தூக்காமல், ஓர் ஓடையை மேம்படுத்தியதாக நான் படித்ததில்லை.

சாலை வளர்ந்தது. ஓடை வளைகிற இடத்தில் சாலை வளையவில்லை. மண்மேடாக ஏறி ஓடையின் மேல் அமர்ந்தது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி, கரையிலிருந்த ஏழு வீடுகளுக்குள் போயிற்று. அவற்றுள் ஒன்றில், தலைவரின் சட்டைகளையும் என் சட்டைகளையும் தேய்த்துத் தரும் இஸ்திரிக்கார அம்மாளும், எழுந்து நடமாட முடியாத அவருடைய மாமியாரும் குடியிருந்தார்கள்.

அம்மாள் நேரே குழுக்கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

"ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் போடுங்க சார். ஒண்ணே ஒண்ணு. தண்ணி அந்தப் பக்கம் போயிடும்."

"எந்தத் தண்ணிம்மா?" என்றார் பொறியாளர்.

"ஓடைத் தண்ணி."

"எந்த ஓடை?"

"இதோ, என் சேலையில முட்டி வரைக்கும் ஏறி வந்திருக்கே, இந்த ஓடை."

பொறியாளர் பொறுமையானவர். வரைபடத்தைக் காட்டினார். "இதுல ஓடையும் இல்ல, உங்க வீடும் இல்ல. இல்லாத வீட்டுக்குள்ள இல்லாத ஓடை வந்தா ஆபீஸ் என்னம்மா பண்ணும்?"

"எங்க மாமியார் இருக்காங்க சார். கட்டிலுக்கு அடியில செங்கல் வெச்சு வெச்சு ஏத்திட்டிருக்கேன். இன்னிக்கு மூணாவது செங்கல்."

தலைவர் இளகிய மனத்தவர். "சரி, நம்ம வராந்தாவுலயே இஸ்திரிப் பெட்டியைப் போட்டுக்கோம்மா. என் சட்டையெல்லாம் இங்கயே தேய்ச்சுடலாம்," என்றார். இது "மறுவாழ்வு" என்ற தலைப்பில் பதிவாயிற்று.

என் பங்குக்கு, வராந்தாவில் அம்மாளைச் சந்தித்து ஒரு நீதிக்கதை சொன்னேன். வெள்ளத்தில் அகப்பட்ட எறும்பு ஒன்று, கூச்சலிடாமல், மிதந்து வந்த இலைமேல் ஏறிப் பொறுமையோடு காத்திருந்து மேட்டை அடைந்த கதை. அம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"எறும்புக்கு மாமியார் இருந்தாங்களா சார்?"

இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், அந்த வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி மேடையில் வைக்கத் தலைவர் விரும்பினார். கண்ணாடி பொருந்தவில்லை, தாள் நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. தலைவர் வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என் சட்டையை மாதிரி மொடமொடன்னு ஆக்கிக் குடும்மா."

அம்மாள் மேசையில் போர்வை விரித்தார். தாளின் மேல் ஈரத்துணி ஒன்றைப் போட்டார். இரண்டு முறை பெட்டியை ஓட்டியவர் நிறுத்தினார்.

"சார், இதுல மடிப்பு விழுந்து ஒட்டிக்கிட்டிருக்கு."

"மடிப்பு இல்லம்மா. அதுதான் மெயின் ரோடு," என்றார் பொறியாளர்.

"முப்பது வருஷமா எனக்குச் சோறு போடுறதே மடிப்புதான் சார். எனக்கா தெரியாது?"

மீண்டும் ஈரத்துணி, மீண்டும் ஆவி. நகத்தால் மெல்ல நெம்பினார். சாலை சின்னதாக ஒரு சத்தத்தோடு திறந்துகொண்டது. உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு, வெயிலே படாத வெள்ளைத் தாள். அதில் மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து ஒரு நீலக்கோடு. கரையில் ஏழு கட்டங்கள்.

"இதோ ஓடை," என்றார் அம்மாள். தொலைந்துபோன சொந்தக்காரரைப் பார்த்தவர் போலிருந்தது அவர் முகம். "மேலருந்து மூணாவது எங்க வீடு. மாமியார் கல்யாணமாகி வந்த வீடு சார். இப்பவாவது குழாய் போட்டுடுவீங்கல்ல?"

பொறியாளர் தொண்டையைச் செருமினார். "தீர்மானம் போட்டதுக்கு அப்புறம் வந்த ஓடை ஐயா இது. எடுத்துக்க முடியாது."

தலைவரின் கவலை வேறு. "நம்ம ரோடு எங்கய்யா?"

"தேய்ச்சுட்டாங்க ஐயா."

"நகரசபை ரோட்டைத் தேய்ச்சு அழிச்சிட்டியேம்மா," என்றார் தலைவர், வருத்தத்தோடு. பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நீங்க படிச்சவரு. சொல்லுங்க. இது மடிப்பா, ரோடா?"

அம்மாளும் என்னைப் பார்த்தார். குழாய் இனி என் வாயில்தான் இருக்கிறது என்பது போலப் பார்த்தார். நாற்காலியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டேன். "ஆழ்ந்து ஆராய வேண்டிய விஷயம்," என்றேன்.

"அவரே சொல்லிட்டாரு," என்றார் தலைவர். "ஆராய்ச்சி முடியிற வரைக்கும் பழையபடி மடிச்சு வெச்சுடுவோம். நீயே அழுத்தி ஒரு தேய்ப்புத் தேய்ச்சு விடும்மா."

"பேண்ட்டுக்கு மடிப்பு வெப்பேன் சார். எங்க மாமியார் மேல வெக்க மாட்டேன்." அம்மாள் துணியை உதறி மடித்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "நேரமாச்சு. நாலாவது செங்கல் வெக்கணும்."

திறப்பு விழா சிறப்பாக நடந்தேறியது. வரைபடம் இப்போது நகரசபை வாசலில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டின் நேர்த்தியை மெச்சுகிறார்கள். அது தானாக வந்த நேர்த்தி இல்லை. ஓர் ஓடையும், ஏழு வீடுகளும், ஒரு கட்டிலும் வெளியே தெரியாதபடி அவ்வளவு பெரிய தாளை மடித்து ஒட்ட நான்கு கைகள் வேண்டும். இரண்டு கைகள் பொறியாளருடையவை. மற்ற இரண்டும், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவை.