டப்பா மேல் நிற்கும் டாக்டர்

மனித குலத்தில் சத்து ஆலோசகர் என்று ஓர் இனம் உண்டு. இதைக் காண நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. அதுவே உங்களைத் தேடி வரும். பஸ் நிறுத்தத்தில் வரும், லிஃப்டில் வரும், வங்கி வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு உங்கள் பிடரியை வைத்தே உங்களுக்கு என்ன குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டு, முன்னால் வந்து சொல்லும். ஒரு துக்க வீட்டுக்குக்கூட வந்திருக்கிறது. போனவரின் வயதைக் கேட்டது, கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றது, பிறகு என் காதருகே வந்து, "மீன் எண்ணெய் மாத்திரை எடுத்திருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார்" என்றது. போனவருக்குத் தொண்ணூற்று நான்கு வயது.

உங்களுக்குக் களைப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மனிதர்களிடம் சொன்னால் "நல்லாத் தூங்குங்க" என்பார்கள், அல்லது "எனக்கும்தான்" என்பார்கள். இந்த இனத்திடம் சொல்லிப் பாருங்கள். கீழ் இமையை இழுத்துப் பார்க்கும். நாக்கை நீட்டச் சொல்லும். நீட்டாமல் இருப்பீர்களா? நீட்டுவீர்கள். அதிகாரமாக யார் சொன்னாலும் நாக்கை நீட்டிவிடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. பார்த்துவிட்டு ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் சேர்த்து, பஸ் நம்பர் சொல்வது போலச் சொல்லும்: பி பன்னிரண்டு, டி மூன்று. நீங்களும் ஏறிவிடுவீர்கள்.

எங்கள் அச்சகத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று இருக்கிறது. டானிக் அண்ணன் என்று கூப்பிடுகிறோம். எங்களுடையது லேபிள் அச்சகம். ஜாம் பாட்டில், ஷூ பாலிஷ், கழிப்பறை கழுவும் திரவம், இருமல் மிட்டாய், எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டுகிற காகிதம் எங்களிடமிருந்துதான் போகிறது. டானிக் அண்ணன் கம்ப்யூட்டரில் லேபிள் வடிவமைப்பவர். நான் அவர் அடித்ததை வாசித்துத் தப்பு திருத்தி, கீழே கையெழுத்துப் போடுகிறவன். அவர் மேஜையில் மவுஸுக்கு இடமில்லாத அளவுக்கு டப்பாக்கள் நிற்கும். காலையில் ஏழு அறைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டி, ஒன்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் வீதம் உள்ளே தள்ளி முடிப்பதற்குள் அச்சு இயந்திரம் ஐந்நூறு லேபிள் ஓட்டிவிடும்.

ஒருநாள் அச்சு இயந்திரம் ஓட்டுகிற அக்காவின் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார்.

"வெள்ளைப் புள்ளி இருக்கே! கால்சியம் சுத்தமா இல்லம்மா உங்களுக்கு."

"அது வெள்ளை மை அண்ணே. இப்பத்தான் டின்னைத் திறந்தேன்."

"மையா?" அண்ணன் ஒரு கணம் யோசித்தார். "மை இவ்வளவு நேரம் ஒட்டிக்கிட்டு இருக்குன்னா நகம் வறண்டு போயிருக்குன்னு அர்த்தம். அதுக்கு வேற மாத்திரை இருக்கு."

அந்த அக்கா கெட்டிக்காரி. சரி என்று தலையாட்டிவிட்டு, வாங்காமலே விட்டுவிட்டாள்.

யார் சொல்வதை நம்புவது என்பதில் அண்ணனுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. உச்சியில் இருப்பவர் 'நம்ம ஆளு ஒருத்தர்'. இந்த ஒருத்தரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு முட்டி வலி போயிருக்கிறது, சர்க்கரை இறங்கியிருக்கிறது, மாடிப்படி ஏறமுடியாமல் இருந்தவர் இப்போது மாடியில் ஓடுகிறார். அடுத்தபடியாக, செல்போன் வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்டுப் பேசுகிறவர். கோட்டு இருந்தால் போதும், கோட்டுக்குள் யார் இருக்கிறார் என்று விசாரிப்பது மரியாதை இல்லை. எல்லோருக்கும் கீழே, வாசற்படிக்கு வெளியே, நிஜ டாக்டர். டாக்டர் ஒரு மாத்திரையை வேண்டாம் என்றால், "அவங்களுக்கு மருந்துதான் தெரியும், சத்தைப் பத்திப் படிக்கவே மாட்டாங்க." அதே டாக்டர் ஒரு மாத்திரையைச் சாப்பிடச் சொன்னால், "பாத்தீங்களா, டாக்டரே சொல்லிட்டார்!"

சாப்பிட்டவர்களின் கதை இன்னும் விசேஷம். குணமானால் மாத்திரையால். குணமாகவில்லையென்றால் டீ குடித்தபின் சாப்பிட்டிருப்பீர்கள், உங்கள் தப்பு. சாப்பிட்டு வயிறு கலங்கினால், "நல்லது தம்பி, உள்ள இருக்கிற கழிவெல்லாம் வெளிய வருது." எந்தப் பக்கம் விழுந்தாலும் டப்பா ஜெயிக்கும். இப்படி ஒரு சட்டம் கையில் இருந்தால் நானும்தான் ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பேன்.

சிரிக்கிறேன், இல்லையா? அடுத்ததைக் கேளுங்கள்.

என் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவள். நாள் முழுக்கக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா தெரியுதா? இதுக்கு முந்தினது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது அவள் வேலை. அவளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் சிக்கிய முடியை அவள் தினமும் உருண்டையாகச் சுருட்டிப் போடுவதைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. டீ நேரத்தில் வாய் தவறி டானிக் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை என் மேஜைமேல் ஒரு டப்பா இருந்தது. கூந்தலுக்கான சத்து மாத்திரை.

எனக்கு அந்த டப்பாவைத் தெரியும். அதன் லேபிள் எங்கள் அச்சகத்தில் அடித்தது. ஆறு மாதம் முன்பு அந்தக் கம்பெனிக்காரர் போன் செய்து, "தொண்ணூறு நாளில் அடர்ந்த கூந்தல்னு இருக்கு, அது ரொம்ப லேட்டா தெரியுது, முப்பதுன்னு போட்டுடுங்க" என்றார். அண்ணன்தான் தொண்ணூறை அழித்து முப்பது அடித்தார். நான்தான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மீதி அறுபது நாள் எங்கே போயிற்று என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. அதோடு, டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன் சிரிக்கிற டாக்டர் ஒருவர் லேபிளில் இருக்கிறாரே, அவர் எங்கள் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். கோட்டு, எதிர்க்கடை சலூனில் இரவல் வாங்கியது.

"அண்ணே, இது நம்ம கட்டிங் மெஷின்காரர் இல்ல?" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? போட்டோ எடுத்ததே நான்தானே! ஆனா அவர் முடியைப் பாருங்க தம்பி, எவ்வளவு அடர்த்தி!"

பார்த்தேன். அடர்த்திதான். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்கிறீர்களா? நானும் பிறகு பலமுறை கேட்டுக்கொண்டேன். மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. கையில் ஒரு டப்பா இருந்தது. அவ்வளவுதான். ஒரு மாதத்தில் பலன் தெரியாததால் அண்ணன் அளவைக் கூட்டச் சொன்னார். "ஒண்ணுக்கு நாலா போடச் சொல்லுங்க. மருந்தா என்ன, பயப்பட? சத்துதானே!" அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நீங்க விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள். "எல்லாம் விசாரிச்சாச்சு" என்றேன்.

அடுத்த மாதம் அவள் கடையில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவளுடைய தைராய்டு தாறுமாறாக ஏறியிருப்பதாகத் தாள் சொன்னது. உடனே டாக்டரைப் பார்க்கவும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு. நான் தாள்களோடு வாழ்கிறவன், ஆனால் ஒரு தாளில் தப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாசித்தது அன்றுதான். அவள் பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அவளுடைய அம்மாவுக்குத் தைராய்டுக்காகக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்தது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது, இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. அச்சகத்தில் விஷயம் கேட்ட டானிக் அண்ணன் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு, தைராய்டுக்கு என்று இன்னொரு டப்பா தந்தார்.

டாக்டர் அம்மா அதிகம் பேசாதவர். மனைவியின் நாடியைப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார், எடை பார்த்தார். பிறகு தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்தத் தாள் ஒண்ணு சொல்லுது, உங்க உடம்பு வேற சொல்லுது. ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன் நான், என்னிடம் கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு.

"முடிக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறேன்" என்றாள் மனைவி.

"அது மாத்திரை இல்லம்மா, சத்து" என்று அவளைத் திருத்தினேன்.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. மனைவி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தாள். கொண்டுவந்திருக்கிறாள்! எனக்குத் தெரியாது. டாக்டர் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசித்தார்.

"எத்தனை சாப்பிடுறீங்க?"

"நாலு."

"இதுல பயோட்டின் இருக்கு. அளவுக்கு மேல போனா சில ரத்தப் பரிசோதனைகள்ல கணக்கையே குழப்பிடும், இல்லாத தைராய்டு நோயை இருக்கிற மாதிரி காட்டும். இதை நிறுத்துங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் குடுங்க, அப்புறம் பேசலாம்." டப்பாவை முன்பக்கம் திருப்பினார். "யார் சொல்லிச் சாப்பிட்டீங்க?"

"என் ஆபீஸ்ல ஒருத்தர்" என்றேன்.

"என்ன படிச்சிருக்கார்?"

"லேபிள் டிசைன்."

"இதுல நிக்கிற டாக்டர் யாரு?"

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"கட்டிங் மெஷின்" என்றேன்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். டாக்டர் சொன்னதுபோல மாத்திரையின் கோளாறுதானா, இல்லை நிஜமாகவே நோயா என்று தெரியாத ஏழு நாள். எட்டாம் நாள் புதுத் தாள் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. பரிசோதனைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளை என் மூக்குக்கு நேரே பிடித்து, கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "இப்ப தெளிவா தெரியுதா?"

தெரிந்தது.

மறுநாள் டானிக் அண்ணனிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்பார், குறைந்தபட்சம் மேஜையில் இரண்டு டப்பாவையாவது குறைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை அகல விரித்து, மேஜையிலிருந்த அதே கூந்தல் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆஸ்பத்திரி மெஷினையே ஏமாத்தியிருக்குன்னா, இதுக்கு எவ்வளவு பவர் பாருங்க தம்பி!"

அன்று மதியத்திற்குள் அச்சகம் முழுக்க இந்தச் செய்தி பரவி, மூன்று பேர் அந்த மாத்திரைக்குச் சொல்லிவைத்தார்கள். அவர்கள் சொன்ன காரணம், "புரூஃப் பாக்கிற தம்பி வீட்டம்மாவுக்கே நல்லா வேலை செஞ்சிருக்கு." ஆக, அந்த 'நம்ம ஆளு ஒருத்தர்' யார் என்று இவ்வளவு நாள் கழித்து எனக்குத் தெரிந்துவிட்டது. நான்தான். கம்பெனிக்காரருக்கு போன் செய்து, ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லவும் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். "அவ்வளவு இடமில்ல சார்" என்றார் அவர். "டாக்டர் படம் இருக்கே, போதாதா?"

இதுவரை வாசித்த உங்களுக்கு இந்நேரம் யார் யாரோ ஞாபகம் வந்திருப்பார்கள். மைத்துனர், மாடி வீட்டுக்காரர், கூட வேலை பார்க்கிறவர். இதை அவர்களுக்கு அனுப்பிவைக்கலாமா என்றுகூட விரல் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். முடி மாத்திரை ரத்தப் பரிசோதனையைக் குழப்பும் என்று நான் சொன்னதும் தலையாட்டினீர்களே, நான் யார் என்று கேட்டீர்களா? லேபிள் அச்சகத்தில் கையெழுத்துப் போடுகிறவன். முப்பது நாளுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். என் மனைவிக்கு நடந்தது என்றேன், உடனே நம்பிவிட்டீர்கள். டானிக் அண்ணனும் இப்படித்தான் ஆரம்பிப்பார். எனவே நான் சொன்னதை நம்பாதீர்கள், உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். போகும்போது, சமையலறை அலமாரியில் மேல்தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால், யார் சொல்லி வாங்கினீர்கள் என்றே மறந்துபோன அந்த டப்பா இருக்கிறதே, அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.