எந்தப் பூட்டுக்கு?

சாவிச் சாமியாரின் கூடத்துக்கு வெளியே வரிசை தெருமுனை வரை வளைந்து நின்றது. கையில் சாவியை வைத்தால் வலிப்பு கப்சிப்! நாள் முழுக்கச் சாவி வெட்டும் பூட்டு ரிப்பேர்காரரும் அதில் நின்றார், சாவி வாங்க!

அவர் மகளுக்கு மூளையில் ஒரு தழும்பு, அதனால் வலிப்பு. "இந்த மாத்திரை தூக்கத்தைக் கொடுக்குது. இன்னொண்ணு கொடுத்து, எது ஒத்துக்குதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா.

பார்க்கலாமாம்! சாமியாரோ காசை வாங்கிக்கொண்டு ஒரு சாவியை நீட்டி, "மாத்திரையைத் தூக்கிப் போடு. நின்னுடும்" என்றார். 'பார்க்கலாம்' என்பவரிடம் படிப்பு. 'நின்னுடும்' என்பவரிடம் கூட்டம். நம்மவர், மனைவிக்குத் தெரியாமல், மகளின் மாத்திரையை நிறுத்தினார்.

எப்போதோ வந்த வலிப்பு அடிக்கடி வந்தது. ஒவ்வொரு முறையும் மகள் கையில் சாவியைத் திணித்தார். ஒவ்வொரு முறையும் நின்றது. "பார்த்தியா!" என்று மார்தட்டினார். வலிப்பு கூடக்கூடச் சாவியின் வெற்றியும் கூடுகிறதே என்பது அந்த மேதைக்கு உறைக்கவில்லை.

அடுத்த முறை மனைவி முந்திக்கொண்டு மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். சாவியைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். வலிப்பு எப்போதும் போல நின்றது.

"சாவி என்கிட்ட இருக்கு. அவளுக்கு எப்படிங்க நின்னுச்சு?"

"உன் கை வழியா..."

"மாத்திரை அட்டை ஏன் பிரிக்காம கிடக்கு?"

அவர் முகம் செத்துப்போனது. அவள் சாவியை வெளிச்சத்தில் பிடித்தாள். "இது நீங்க பழைய இரும்புக் கடைக்குப் போட்ட கழிவுச் சாவிதானே? மூணாவது பல்லைப் பாருங்க."

மூன்றாவது பல்லில் அவருக்குக் கை வழுக்கும். தான் கெடுத்த சாவியைத் தானே காசு கொடுத்து வாங்கியிருந்தார்!

அன்றே டாக்டரம்மாவிடம் ஓடி மாத்திரையைத் தொடங்கினார்கள். 'பார்க்கலாம்' என்ற சொல் இப்போது அவர் காதில் தேனாய்ப் பாய்ந்தது.

மறுநாள் சாமியாரின் கூடத்தில், கடையின் கழிவுச் சாவிகளை மனைவி தட்டில் கொட்டினாள். "இதுல உங்க சாவி எது சாமி?"

சாமியார் துழாவி ஒன்றை எடுத்தார். "இதுதான்! சக்தி கொதிக்குது!"

அவள் கையை விரித்தாள். சாமியாரின் சாவி அதற்குள் இருந்தது.

கூட்டம் சிரித்தது. ஒருவர் மட்டும் பூட்டுக்காரரின் காதைக் கடித்தார்: "அப்போ உங்க கடையிலயே வாங்கிக்கலாமாண்ணே? மலிவா இருக்குமே!"

பூட்டுக்காரர் தலையிலடித்துக்கொண்டார்.

"கடைக்கு யார் வந்தாலும் 'எந்தப் பூட்டுக்கு?'னு கேட்டுட்டுத்தான் சாவியைத் தொடுவேன். அதைக் கேட்காமலே வாங்கின மடையன் நான். ஊருக்கு ஒரு மடையன் போதும்யா, நீயாவது கேளு!"