குன்னூர்ப் புல்

குன்னூரிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த புல், திருச்சி பாலக்கரைக்கு வந்த வாரத்திலேயே மஞ்சளாகிவிட்டது.

சவரிநாதன் வாசலில் குந்தி உட்கார்ந்து ஒரு புல்லை மெல்லத் தடவிப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் அதைத் திரும்ப மண்ணில் செருகி வைத்தார்.

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து, ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுபெற்று, மனைவி அமலராணியோடு திருச்சிக்கு வந்தவர் அவர். வாடகை வீடு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் முன்னால் ஒரு மரம், ஒரு செடி கிடையாது. அனல் பறக்கும் செம்மண் வாசல்.

குடிவந்த நாளிலிருந்து அமலராணி காலையில் காபி குடித்ததும் நிலைப்படியருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த மொட்டை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மறுபடி வந்து பார்ப்பாள். சாயங்காலமும்.

"என்ன ராணி பாக்குறே?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா."

அந்தச் 'சும்மா' சவரிநாதன் மனசில் முள்ளாகத் தைத்தது. குன்னூர்க் குவார்ட்டர்ஸ் முன்னால் எப்போதும் பச்சைப் புல்வெளி இருந்தது. அந்தக் குளிரையும் பச்சையையும் விட்டு வந்த ஏக்கம்தான் இது, வேறென்ன? கேட்டால் இல்லை என்பாள். தனக்கென்று எதையும் கேட்டறியாதவள். ஆகவே அவர் கேட்காமலே ரயிலேறிப் போய், பழைய குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்தே புல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்.

"புல்லா?" என்றாள் அமலராணி, சாக்கைப் பிரித்தபோது.

"பழகினதாச்சே. வாசல் பச்சையா இருந்தா நல்லதுதானே?"

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமாங்க, நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லி மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது அதுதான் மஞ்சளாகிக் கிடந்தது.

"தண்ணி பத்தலை" என்று முடிவு செய்தார் சவரிநாதன். கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றினார். அமலராணியும் முழங்கால் வலியோடு கயிறு இழுத்தாள். தாகத்தில் வாடிய புல் இப்போது வேரில் அழுகத் தொடங்கியது. கிணற்றில் சேறு வந்தது. குடிக்கிற தண்ணீருக்கு அடுத்த வீட்டு பஷீர் அகமதின் மனைவி சுராயாவிடம் குடத்தை நீட்ட வேண்டியதாயிற்று. குடத்தை நிரப்பிக் கொடுத்த சுராயா, சவரிநாதனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அமலராணி கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"வெயில்தான் கொல்லுது" என்றார் சவரிநாதன் அடுத்தபடியாக. ஆள் வைத்து வாசல் முழுக்கக் கீற்றுப் பந்தல் போட்டார்.

பந்தல் போட்டு முடிந்ததும் பஷீர் அகமது வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சவரிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து முடியாம இருந்துச்சு, அண்ணே?"

"வந்த வாரமே மஞ்சளாயிடுச்சு, பாய்."

"காமாலையா? கீழாநெல்லி குடுத்திருக்கலாமே."

"தண்ணிதான் குடுத்தேன். அதுவும் ஒத்துக்கலை. நேத்து நுனியெல்லாம் கருகிப்போச்சு."

பஷீர் அகமது கண்ணை மூடிக்கொண்டார். "எடுக்கிறது எப்போ?"

"எதுக்கு எடுக்கணும்? வேர்ல இன்னும் உசிர் இருக்கு."

பஷீர் அகமது கண்ணைத் திறந்து, பந்தலைப் பார்த்து, தரையைப் பார்த்து, வாசற்படியில் முழுசாக நின்றுகொண்டிருந்த அமலராணியைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அவர் தன் வீட்டுப் படி ஏறுவதற்குள் சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை தைரியராஜ் வந்து, துக்க மணி அடிக்க யாரும் சொல்லியனுப்பவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.

நிழலில் புல் வெளுத்துப்போனது. தெருவிலுள்ள ஆடெல்லாம் பந்தலடியில் வந்து படுத்துக்கொண்டன.

சவரிநாதன் பந்தலைப் பிரித்தார். இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. "விட்டுடுங்களேன்" என்றாள் அமலராணி மெதுவாக. அவளே தன் பழைய புடவையைக் கிழித்து, மிச்சமிருந்த புல்லுக்கு மத்தியான வேளையில் மட்டும் போர்த்திவிட்டாள். சவரிநாதன் அதை நிலைப்படியிலிருந்து பார்த்தார். இவ்வளவு ஆசையை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாளே.

மறுநாள் அவருக்குத் தெளிவு பிறந்தது. தண்ணீரும் வேண்டியதில்லை, நிழலும் வேண்டியதில்லை. புல்லுக்கு வேண்டியது குன்னூர்.

காந்தி மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு வண்டி ஐஸ் வந்தது. வண்டிக்கார வீரமலை, ஐஸ் உருகாமல் மூடியிருந்த உமியைத் தட்டிவிட்டு, பாளம் பாளமாக இறக்கி வாசலில் பரப்பினான்.

"கல்யாணத்துக்குக் கலர் சோடா குளிர வைக்கவா, சாமி?"

"புல்லுக்கு."

வீரமலை அடுத்த பாளத்தை இறக்கினான்.

கொஞ்ச நேரம் வாசலில் நிஜமாகவே குளிர்ந்தது. ஐஸிலிருந்து வெண்புகை எழும்பியது. சவரிநாதன் பெட்டியிலிருந்து குன்னூர் ஸ்வெட்டரைக்கூட எடுக்கப்போனார். ஸ்வெட்டரோடு அவர் திரும்பி வருவதற்குள் ஐஸ் உருகி, வாசல் உழுத வயலாகி, வண்டிச் சக்கரம் அச்சுவரை சேற்றில் இறங்கியிருந்தது. வண்டியைத் தூக்கிவிடுவதற்காக வீரமலை மாட்டை அவிழ்த்துவிட்டான்.

சித்திரை மாதத்துப் பாலக்கரையில் அந்த மாடு பார்த்த ஒரே புல் அதுதான்.

சவரிநாதன் சேற்றில் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாடு அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேய்ந்தது. மஞ்சள், வெள்ளை, கருகல் என்று பேதம் பார்க்கவில்லை. புடவைக் கிழிசலில் பாதியையும் தின்று முடித்த பிறகுதான் தலையைத் தூக்கியது.

வண்டி போனதும் சவரிநாதன் வாசற்படியில் உட்கார்ந்தார். வேட்டியெல்லாம் சேறு. அமலராணி துண்டோடு வந்து அவருடைய கால்களைத் துடைத்துவிட்டாள்.

"போகட்டும் விடுங்க. குன்னூர் ஞாபகம் அவ்வளவு இருந்தா, ஒரு மாசம் போய் இருந்துட்டு வருவோம்."

"எனக்கென்ன ஞாபகம்?" என்றார் அவர். "நீ காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இந்த மொட்டை வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே. பாக்க முடியலை, ராணி. உனக்காகத்தான் எல்லாம்."

அமலராணி துடைப்பதை நிறுத்தினாள். துண்டு கையிலேயே நின்றது.

அப்போது மதில்சுவருக்கு மேல் சுராயாவின் தலை தெரிந்தது. அமலராணியின் மறைவில் படியில் உட்கார்ந்திருந்த சவரிநாதனை அவள் கவனிக்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ், ஒருவழியா புல்லு ஒழிஞ்சுதாக்கா? சேறு காஞ்சதும் மாவு கிளறிடலாம். குன்னூர் மூட்டத்துல முப்பது வருஷமா ஒரு வடாம்கூடக் காயலைன்னுதானே, வந்த நாள்லேர்ந்து எந்தப் பக்கம் வெயில் ரொம்ப நேரம் நிக்குதுன்னு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."