ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு ரயில்

அடுத்தவர் புத்தியை அளக்கக் கிளம்புகிறவர்கள் தங்கள் புத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இலங்கை மலையகத்துத் தெமோதரையில், ஊரே பார்க்க, நானாகவே கண்டுபிடித்தேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அறிவுத்திறன் சோதனைகள் தரமானவைதானா என்று பார்ப்பதற்கு விதிகள் எழுத, பதுளையில் ஒரு குழு கூடியது. அதில் ஆக இளையவள் நான். உளவியல் பட்டம் வாங்கிய சூடு ஆறாத காலம். (பட்டமளிப்புப் படம் எப்போதும் கைப்பையில் இருக்கும்.) "நல்ல சோதனை எப்படி இருக்கும் என்று நானே ஒன்று செய்து காட்டுகிறேன்" என்று குழுத் தலைவியிடம் சொன்னேன். அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை.

மொத்தம் முப்பது கேள்விகள். முதலாவது என் செல்லக் கேள்வி: 'ஒரு ரயில், நிலையத்தை விட்டுக் கிளம்பி, பின்வாங்காமல் முன்னோக்கியே போகிறது. சற்று நேரத்தில் எங்கே இருக்கும்?' நிலையத்துக்கு அப்பால், நிலையத்துக்குள், நிலையத்துக்குக் கீழே என்று மூன்று விடைகள். மூன்றாவது சும்மா சிரிப்புக்குப் போட்டது. அதைத் தெரிவு செய்யும் பிள்ளையின் மற்ற விடைகளைத் திருத்தவே தேவையில்லை என்றும் ஒரு விதி எழுதி வைத்தேன்.

தெமோதரைத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்புக்குக் கொடுத்தோம். முப்பத்திரண்டு பேரும் 'கீழே'. (பள்ளி அதிபர் ஏதோ சொல்ல வந்தார். சோதனை நேரத்தில் பேசக்கூடாது என்று அவர் வாயை அடைத்தவளும் நான்தான்.) இவர்களுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு வேண்டாம், மெதுவாகக் கற்போர் வகுப்பே போதும் என்று அறிக்கை எழுதி, தலைவியை அருகில் வைத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்தில் வாசித்தேன்.

கொழுந்தெடுத்த கையோடு வந்திருந்த ராஜேஸ்வரி என்ற அம்மா எழுந்தார்.

"மிஸ், லயத்து வீட்டுல கரண்டு போனாலும் குப்பி வெளக்குல படிக்கிற புள்ள எம்மவ. எதுல தப்பு விட்டான்னு சொல்லுங்க."

கேள்வியையும் அவள் விடையையும் வாசித்தேன்.

"சரியாத்தானே போட்டிருக்கா?"

"அதெப்படிம்மா, ரயில் ஸ்டேஷனுக்குக் கீழே போகும்?" பொறுமையே வடிவாகக் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிஸ்ஸுக்கு எந்த ஊருங்க?"

"பதுளை."

"பதுளையா?" அந்தக் குரலில் இருந்த இரக்கத்தில் பாதிகூட என் அறிக்கையில் இல்லை. "கொழும்புக் கோச்சி வர்ற நேரந்தான். வாங்க, காட்டுறேன்."

கூட்டத்துக்கு வந்த எல்லோரும், பிள்ளைகளும் சேர்ந்து, ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயில் வந்து நின்று, கிளம்பியது. ஒரு தடவைகூடப் பின்வாங்காமல் மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, நாங்கள் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைப் பக்கம் போனது. (அந்தப் பாதையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஏறியதும் தூங்கிவிடுவேன்.)

முப்பத்திரண்டு பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் நானும் போயிருக்கலாம் என்று தோன்றியது. தலைவி எங்கள் விதிப் பட்டியலை எடுத்து, என் சோதனைக்கு எதிரே எழுதினார்: 'சரியான விடை தெரியாதவர்: தயாரித்தவர் மட்டும்.' எங்கள் விதிகளின்படி முதன்முதலில் தோற்ற சோதனை என்னுடையதுதான்.

அங்கேயே, பிளாட்பார வாங்கில் உட்கார்ந்து, அறிக்கையைக் கிழித்தேன். மற்ற இருபத்தொன்பது கேள்விகளையும் திருத்தினோம். ராஜேஸ்வரியின் மகளுக்கு இருபத்தேழு சரி. புலமைப்பரிசில் வகுப்பு முப்பத்திரண்டு பேருக்கும் கிடைத்தது. ராஜேஸ்வரி என் கையைப் பிடித்து, "பரவால்லங்க மிஸ், இப்பத் தெரிஞ்சிருச்சில்ல" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

'பிள்ளையின் விடையைத் தவறு என்று குறிக்கும் முன், ஏன் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும்.' அன்று அந்த வாங்கில் நான் எழுதிய விதி இது. குழு ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஏற்றது. இன்றைக்கும் புதிய சோதனை எது வந்தாலும் முதலில் இந்த விதியைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டில்தான் மரியாதை இல்லை. நான் எதையாவது அடித்துச் சொன்னால், கணவரும் மகளும் குனிந்து மேசைக்குக் கீழே பார்ப்பார்கள். போன வாரம், வீட்டுச் சாவி என்னிடம் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். இருவரும் குனிந்தார்கள்.

சாவி அங்கேதான் கிடந்தது.