பரணில் எப்போதும் இடம் இருந்தது

அந்தச் சுத்தியல் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரிய சத்தமில்லை. மூடிய கதவை யாரோ தயங்கித் தட்டுவதுபோல, பலகையில் ஒரு மரச் சுத்தியல் படும். அதற்கு முன்னால் ஒரு குரல் இழுக்கும். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." மூன்றாவது தரத்துக்கு முன் ஒரு மௌனம் வரும். என் வாழ்நாள் கடன் முழுவதும் அந்த மௌனத்தில் வாங்கியதுதான்.

தெருமுனை ஏலக்கடையில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஏலம். நான் வேலை செய்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். வில்லை தேய்ப்பேன், சட்டத்தில் பொருத்துவேன். ஊரில் பாதிப் பேர் என் கைவழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். ஏலக்காரர் கண்ணாடியும் நான் போட்டுக் கொடுத்ததே. அதனாலோ என்னவோ, எவ்வளவு கூட்டமிருந்தாலும் என் கைதான் அவருக்கு முதலில் தெரியும்.

எனக்கு எந்தப் பொருளின் மேலும் ஆசை கிடையாது. யாராவது "இருபது" என்று கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். கேட்டுவிட்டால் அது என் வீட்டுச் சொத்து போலவும், அந்த ஆள் அதைப் பிடுங்க வந்தவன் போலவும் தோன்றும். நெஞ்சு அடைக்கும். கை தானாக மேலே போகும். சுத்தியல் விழுந்ததும் எல்லாம் அடங்கிவிடும். வாங்கியதைப் பரணில் போடுவேன். மறுபடி அதன் முகத்தில் விழித்ததில்லை.

இப்படிப் பத்து வருஷம். மேசை விசிறி, ஓர் எழுத்து இல்லாத தட்டச்சு இயந்திரம், குடைகள் வைக்கிற மரப்பீப்பாய். எங்களிடம் இருந்தது ஒரே குடை. அதுவும் தையல்காரரிடம் இரவல் வாங்கியது.

தையல்காரர் பக்கத்து வீடு. என் மனைவியைத் தங்கச்சி என்பார். என்னை மாப்பிள்ளை என்பார். கடன் கொடுத்தவர் வாயால் மாப்பிள்ளை என்று கேட்பதுபோல் கொடுமை வேறில்லை. திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம். அவர் தவிர மளிகைக்கடை, வீட்டுக்காரர், முதலாளியிடம் வாங்கிய முன்பணம். என் கடைக்கு ஐந்து நிமிட நடை. கடன் கொடுத்தவர்கள் கண்ணில் படாமல் போனால் அரை மணி.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, மனைவியின் வளையல்கள். அவள் அம்மா போட்டு அனுப்பிய இரண்டு வளையல்கள். "ரெண்டே மாசம்" என்று வாங்கிப்போய் அடகு வைத்தேன். இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் அடகுக்கடையிலிருந்து ஆள் வந்து, மூன்று மாதத்துக்குள் மீட்காவிட்டால் ஏலம் விடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மனைவி அழவில்லை. "உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குத்தானே போகுது" என்றாள்.

அன்று நான் கூடத்தின் நடுவில் எழுந்து நின்றேன்.

"இந்த நிமிஷத்திலேர்ந்து ஒரு காசு வீண்செலவு கிடையாது. இது சத்தியம்."

"போன தடவையும் சத்தியம்னுதான் சொன்னீங்க."

"அது வாய்தவறி வந்த சத்தியம். இது நெஞ்சிலேர்ந்து வர்றது."

"அப்ப சம்பளத்தை முழுசா எங்கிட்ட கொடுத்திடுங்க."

"கொடுத்த மாதிரின்னு வச்சுக்கோயேன்."

"வச்சுக்கத்தான் கேக்கறேன். கையில கொடுங்க."

கொடுத்தேன். அந்த மாதமும், அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும். ஆனால் சம்பளம் என்பது வேறு, வருமானம் என்பது வேறு. கடை சாத்திய பிறகு வளைந்த கண்ணாடிக் காதை நிமிர்த்துவது, கழன்ற திருகு மாட்டுவது என்று சில்லறை வேலைகள் பார்ப்பேன். அந்தக் காசு ஒரு பழைய கண்ணாடிக்கூட்டில், சட்டையின் உள்பையில் இருக்கும். அது சம்பளமில்லை. ஆகவே சத்தியம் அதைத் தொடாது. அந்த நாளில் இது எனக்குத் தெளிவாக விளங்கியது.

அந்த முதல் சனிக்கிழமை சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஒரு பச்சை விசிறி ஏலத்துக்கு வந்தது. யார் கேட்டது? தையல்காரர்!

"இருபது" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. கடன் கொடுத்தவர் கையில் இன்னும் காசு மிச்சமா? "இருபத்தஞ்சு" என்றேன். ஏற்றினார். ஏற்றினேன். நாற்பதில் அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். வெற்றி. மனைவி தையல்காரர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து விசிறியைப் பரணில் ஏற்றினேன்.

அடுத்த வாரம் மரப்பீப்பாய். அதற்கடுத்த வாரம் நீல விசிறி. பச்சைக்கு நீலம் ஜோடி சேரட்டும் என்று வாங்கினேன். எப்போதும் எதிரில் தையல்காரர். எப்போதும் கடைசி நொடியில் தோற்றுப்போவார். என்மேல் எனக்கே கொஞ்சம் மதிப்பு வந்தது.

பரணும் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. எவ்வளவு ஏற்றினாலும் நிரம்பவில்லை. வாடகை வீட்டில் இப்படி ஒரு பரண் அமைவது கொடுப்பினை என்று நினைத்துக்கொண்டேன். நீல விசிறி தூக்கிய அன்று உள்ளங்கையில் நீலம் ஒட்டியிருந்தது. மனைவியின் நகக்கண்ணிலும் நீலம். கேட்டேன். "ஜன்னலுக்கு அடிச்சேன்" என்றாள். எங்கள் வீட்டு ஜன்னல் காவி நிறம். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவன் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் தையல்காரர் தள்ளுவண்டியில் எதையோ துணி போட்டு மூடி ஏலக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போவார். மேட்டில் ஏற முடியாமல் திணறுவார். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதே. நானே இரண்டு முறை பின்னாலிருந்து தள்ளிவிட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் வந்தது. மனைவி பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். உட்காரும் முன் வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிடுவது அவள் பழக்கம். அன்றும் ஏற்றிவிட்டாள். இடது கையால் வலது மணிக்கட்டைத் தொட்டு மேலே தள்ளினாள். அங்கே ஒன்றும் இல்லை. இல்லாத வளையல் ஏறியது. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை. சாம்பலைத் தொட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொருளை அது இல்லாதபோது பார்த்தேன்.

அன்றோடு நின்றது. சொல்லவில்லை, சத்தியம் செய்யவில்லை. நின்றுவிட்டது. கூட்டில் இருந்த காசை அவளிடம் கொடுக்கத்தான் நினைத்தேன். கொடுத்தால் "இது ஏது?" என்பாள். அதற்குப் பதில் சொல்லுகிற தைரியம் மட்டும் வரவில்லை. கூடு நெஞ்சின்மேல் கனத்துக்கொண்டே இருந்தது.

இரண்டு சனிக்கிழமை வீட்டிலேயே இருந்தேன். திருந்திய கணவனைப் பார்த்து ஒரு பெண் பூரித்துப்போவாள் என்று நினைத்தேன். இவள் இளைத்துப்போனாள்.

மூன்றாவது சனிக்கிழமை பக்கத்தில் வந்து நின்றாள். வளையலுக்குக் கெடு திங்கட்கிழமை.

"என்னங்க, இன்னிக்கு சனிக்கிழமை."

"தெரியும்."

"கொஞ்சம் காத்தாட வெளியில போயிட்டு வாங்களேன்."

"காத்து இங்கேயே வருதே."

"ஏலக்கடைப் பக்கம் நல்லா வரும்பீங்களே?"

"அதெல்லாம் பழைய ஆள் சொன்னது. நான் மாறிட்டேன்."

"பழைய ஆளுக்கு என்ன குறைச்சல்? நல்லாத்தானே இருந்தார்?"

அதற்குள் தையல்காரர் வந்தார். "மாப்பிள்ளை, எழுந்திருங்க. சும்மா வேடிக்கை பார்க்கத்தான்" என்று கையைப் பிடித்து இழுத்தார். உலகத்தில் திருந்துவதற்குக்கூட ஒருவன் மற்றவர்களிடம் அனுமதி வாங்கவேண்டும் போலிருக்கிறது. கிளம்பும்போது தலைவாரப் போனேன். அறையில் நிலைக்கண்ணாடி இல்லை.

"கண்ணாடி எங்கே?"

"ரசம் போயிடுச்சு. பூசக் கொடுத்திருக்கேன்."

தலைவாராமல் போனேன்.

ஏலக்கடையில் முன்வரிசையில் உட்காரவைத்தார் தையல்காரர். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஏலக்காரர் தொண்டையைச் செருமினார். அவருக்குக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. ஒரு துணியை இழுத்தார். உள்ளே ஆளுயரக் கண்ணாடி. கீழ் மூலையில் நகம் அளவு விரிசல். தினமும் என் தலைமயிர் குறைவதை நான் பார்த்த கண்ணாடி. அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது.

"நூறு" என்றார் தையல்காரர்.

கை போய்விட்டது. "நூத்திருபது."

"நூத்தம்பது."

"இருநூறு."

அப்போது கண்ணாடிக்குள் பார்த்தேன். கை தூக்கியபடி ஒரு வழுக்கைத்தலை. அவன் தோளுக்குப் பின்னால் கூட்டம். கூட்டத்துக்குப் பின்னால் கதவருகில், முக்காடு போட்டு, என் மனைவி. தையல்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் லேசாகத் தலையசைத்தாள். தையல்காரர் திரும்பினார். "இருநூத்தம்பது" என்றார்.

பச்சை விசிறி, நீல விசிறி, தள்ளுவண்டி, நகக்கண், நிரம்பாத பரண். எல்லாம் ஒன்றின்பின் ஒன்றாக அந்தக் கண்ணாடிக்குள் வந்து நின்றன. என் காசை வைத்து என் பொருளை எனக்கே விற்று என் கடனை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"முந்நூறு" என்றேன். அவள் விரலை லேசாக அசைத்து நிறுத்தச் சொன்னாள். தையல்காரர் தலையைத் தொங்கப்போட்டார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அந்த மௌனம்.

"நானூறு" என்றேன்.

தையல்காரர் என் காதருகில் குனிந்தார். "மாப்பிள்ளை, நான்தான் விட்டுட்டேனே. யாரை எதிர்த்து ஏத்தறீங்க?"

"ஐநூறு" என்றேன். கூட்டில் அவ்வளவுதான் இருந்தது. திறந்து மேசையில் கவிழ்த்தேன். சுத்தியல் விழுந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, என்ன வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கினேன். பெரிய தியாகம் செய்த நிறைவு. கண்ணாடியை வண்டியில் வைத்து நானே தள்ளிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவள் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"மூணு மாசமா. அந்த விசிறியை மட்டும் மூணு தடவை வாங்கினீங்க. நாலாவது தடவைக்கு நீங்க வரலை. உங்களைத் தவிர அதை யாரும் சீண்டலை. அதான் கண்ணாடி."

"கூட்டுக் காசு இருக்கறது தெரியும்ல? எடுத்திருக்கலாமே நீ?"

"எடுத்தா திருட்டு. நீங்களா கொடுத்தா வியாபாரம்."

திங்கட்கிழமை வளையல்கள் அவள் கைக்கு வந்தன. மளிகைக்கடை, வீட்டுக்காரர், முதலாளி, தையல்காரர் எல்லோருக்கும் கணக்கு முடிந்தது. நான் ஐந்து நிமிடத்தில் கடைக்குப் போனேன். நேர்வழியே தெரியாமல் ஒரு முறை தடுமாறினேன்.

சாயங்காலம் கேட்டேன். "முந்நூறுக்கு மேல நான் ஏத்தினேனே. அந்த மிச்சம்?"

"அது உங்களாலதான்" என்றாள், சாம்பலைத் தொட்டுக்கொண்டே. "நான் முந்நூறோட போதும்னுதான் இருந்தேன். ஏலக்கார ஐயா கடைக்குப் பங்காளி தேடிட்டிருந்தார். முன்பணமா கொடுத்திட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"விசிறி வாங்கறப்ப நீங்க கேட்டீங்களா?"

வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டாள். இந்த முறை சத்தம் வந்தது.

மறுவருஷம் ஏலக்காரருக்குக் குரல் முழுசாகப் போய்விட்டது. அதன்பிறகு கடைசிவரை அந்தச் சுத்தியலைத் தட்டியவள் என் மனைவி. கூட்டத்துக்கு நாற்காலி போட்டு எடுத்தவன் நான்.